ஆந்தைப் பெட்டிக்கு வைத்த கையெழுத்து

பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

மாலைகளின் பாரத்தில் கழுத்து வலிக்க மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் திரு. பரஞ்சோதி அவர்களே, அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் செயலவைப் பெரியவர்களே, ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்த பிறகும் இந்தச் செமிலிங் தோட்டத்தை விட்டுப் போகாத மூத்தோரே, விடியுமுன் அடுப்பை மூட்டிவிட்டு வெளிக்காட்டு வேலைக்கு நடக்கும் தாய்மார்களே, கைப்பேசியில் கண்பதித்த தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

போன கூட்டத்தில் இந்த உரை என் சட்டைப் பையில் இருந்தது. உறுப்பினர் பேச அரைமணி நேரம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தீர்கள். அந்த அரைமணியைப் பொன்னாடைகள் போர்த்தி மூடிவிட்டன. சாப்பாட்டுக்கு வைத்த மீகூன் ஆறிவிடும் என்று கூட்டத்தையும் முடித்துவிட்டீர்கள். ஆகவே எழுத்தில் பேசுகிறேன். இந்த ஒலிவாங்கியை அணைக்க யாராலும் ஆகாது.

எதைப் பற்றிப் பேச வந்தேன்? எலியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! பின்வரிசையில் யாரோ, "புலியா, யானையா? போயும் போயும் எலிக்கு ஒரு மேடையாலா?" என்பது என் காதில் விழுகிறது. புலி வந்தால் ஓடியிருப்போம், தம்பி. எலி வந்தது, கூடவே குடியிருந்தோம்.

செம்பனைக் காட்டில் எலியைத் தின்ன நிர்வாகம் ஏழு கம்பம் நட்டு, ஏழு மரப்பெட்டி வைத்து, ஆந்தைகளைக் குடியேற்றியது. அவை நம்மிடம் சோறு கேட்டனவா? சம்பளம் கேட்டனவா? சென்ற ஆண்டு திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று ஓர் ஆந்தை அலறியது. அதே வாரம் முனியாண்டிப் பெரியவர் காலமானார். வயது தொண்ணூற்றொன்று. ஆந்தை கூப்பிட்டுக்கொண்டது என்றீர்கள். அதுவரை தொண்ணூறு ஆண்டுகள் அவரைக் கூப்பிடாமல் விட்டுவைத்தது எந்தப் பறவை ஐயா?

பெட்டிகளை இறக்கச் சொல்லி மனு எழுதினீர்கள். தாள் வரிசை வரிசையாக வந்தது. தயங்கியவர்களிடம் தலைவர், "என்னலா, ஆந்தகூட சம்பந்தம் பண்ணப் போறியா? போடு, போடு!" என்றார். சிரித்தோம். சிரித்துக்கொண்டே போட்டோம். அறுபத்திரண்டு கையெழுத்து. மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எலி வந்தா என்ன செய்வீங்க?" நம் தலைவர் சொன்னார்: "சாமி பாத்துக்கும் சார்."

கோயிலை ஒட்டிய நான்கு பெட்டிகள் இறங்கின. ஏறி இறக்கியவன் யார்? செம்பனைக் குலை வெட்டும் பக்கிரிசாமி. கைதட்டினோம். பூசாரி அவன் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

எலி பெருகியது. அரிசி மூட்டையில் எலி, அன்னதான அண்டாவுக்கு அடியில் எலி. மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பியது. எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில், குதிகாலில் வெட்டுக்காயத்தோடு, பூட்ஸ் இல்லாமல் நின்று குலை வெட்டினான் பக்கிரிசாமி. காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்தது. "கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, கிளினிக்குக்கு வாங்க" என்று கெஞ்சினாள் மனைவி லோகேஸ்வரி. "மழையில நனைஞ்ச காய்ச்சல்தான்லா, ரெண்டு பனடோல் போட்டா ஓடிடும்" என்றான். ஆறாம் நாள் உடம்பு மஞ்சளானது. அப்போதுதான் ஆஸ்பத்திரி.

சிறுவயது டாக்டர் கேட்டார்: "வீட்டுப் பக்கம் எலி இருக்காம்மா?"

லோகேஸ்வரி சொன்னாள்: "முன்ன இவ்ளோ இல்ல டாக்டர். இவர்தான் ஆந்தப் பெட்டிய எறக்குனாரு."

ஒன்பதாம் நாள் பக்கிரிசாமி போய்விட்டான். அன்று எந்த ஆந்தையும் அலறவில்லை. கோயில் பக்கம் அலற ஆந்தை ஏது?

நான்கு ஆந்தை இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் பூட்ஸ் போட்டிருந்தால்? காயத்தைக் கட்டியிருந்தால்? முதல் நாளே கிளினிக்கில், "தண்ணில நின்னு வேல செய்றேன், எலி அதிகம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, மக்களே! மாத்திரை இருக்கிறது! திருவிழா வாணவேடிக்கைக்கு வசூலிக்க நமக்கு வாய் இருந்தது. பூட்ஸ் கொடு என்று நிர்வாகத்திடம் கேட்க வாய் இல்லை.

இன்று அதே வாய்க்கால் ஓரத்தில், வெடித்த குதிகாலோடு, உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள் லோகேஸ்வரி. அவளையும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்துதான் திருந்தப் போகிறோமா? மீதி மூன்று பெட்டிகளையும் இறக்க வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தாள் வருகிறதாம். வரட்டும். பேனா உங்கள் கைக்கு வரும். எழுதாதீர்கள். அப்படியே அடுத்தவரிடம் கொடுங்கள். அவரும் எழுதாமல் கொடுக்கட்டும். வெற்றுத்தாளாகவே அது தலைவர் மடிக்குத் திரும்பட்டும்!

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். எலி எதைக் கொண்டுவரும் என்று படித்தவன் நான். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். தலைவர் தயவில்லாமல் நடக்காத ஒரு காரியம் கோயில் மண்டபத்தில் எனக்கும் ஆக வேண்டியிருந்தது.

இதுவரை நின்று படித்த கால்களுக்கு நன்றி. அந்தக் கால்களுக்கு நாளை பூட்ஸ் மாட்டுங்கள். வணக்கம்.

விடிந்ததும் இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன். கீழே பெயர் இருக்காது. யார் எழுதியது என்று தேடுகிறவர்கள் அந்தப் பழைய மனுவை எடுத்துப் பாருங்கள். அறுபத்திரண்டு பேரில் நான் இருக்கிறேன். அந்தத் தாளில் வைத்த கையெழுத்தை இந்தத் தாளில் வைக்க எனக்குக் கை வரவில்லை.