தோற்க வேண்டும் என்று நேர்ந்தவர்

வெரிபீ போகும் புறநகர் ரயிலில் மகன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். முன் இருக்கையில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்ததால் வேறு இருக்கைக்கு மாறலாமா என்று யோசித்தேன். அசைந்தால் விழித்துவிடுவானோ என்று அப்படியே இருந்துவிட்டேன். முன்னால் இருந்த பெரியவர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்:

"போன சீசன் முழுக்க மகன்ரை டீம் தோக்கவேணுமெண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சனான், தம்பி."

"என்ன அண்ணை, விசரே? பெடியன் அமெரிக்காவில காலேஜ் பாஸ்கட்போல் விளையாடுறான் எண்டு ஊரெல்லாம் புளுகித் திரிஞ்சனீங்கள்!"

"எங்க விளையாட விட்டவங்கள்? பெஞ்சிலதான் இருந்தவன். இனி வெல்லவே ஏலாது எண்டாத்தான் கடைசியில கொஞ்ச நேரம் இறக்குவாங்கள். கம்ப்யூட்டரில அவனைப் பாக்க எங்களுக்கு வேற வழியில்லை."

"இந்த வருசம்?"

"கடைசி வரைக்கும் இழுபறிப்பட்டு வெல்லுறாங்கள். பிள்ளையைக் கண்ணிலயே காட்டுறாங்கள் இல்லை. லீவுக்கும் வரேல்லை, பிராக்டிஸாம்."

"அப்ப என்ன செய்யிறியள்?"

"போன வருசம் படுமோசமாத் தோத்த மட்ச் ஒண்டு இருக்கு. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறம். மனுசி ஒவ்வொரு முறையும் கத்துறா, 'என்ரை பிள்ளையிட்டைப் பந்தைக் குடுங்கோவன்ரா' எண்டு."

"குடுத்தவங்களே?"

"இன்னும் இல்லை."