சில சிறு திருத்தங்கள்

இந்த அறையின் சன்னல் நல்ல இடத்தில் இருக்கிறது. காலை வெயில் மேசையில் விழாமல் சுவரில் விழுகிறது. யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். கம்பிகள் மட்டும் சற்று அதிகம். இரண்டை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் துறையில் அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

நான் வந்தது உங்கள் விசாரணை அறிக்கையில் சில திருத்தங்கள் சொல்ல. மொத்தத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். என் மனைவியின் தங்கை தான் வடிவமைத்த கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். சுற்றி வளைக்காத எழுத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் பழியைத் தூக்கி மேஸ்திரி தலையில் போட்டுவிட்டீர்கள். வரும்போது பார்த்தேன், அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அது சரியில்லை. ஏன் சரியில்லை என்று சொல்வதற்கு முன் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். மூக்குக் கண்ணாடி. பாதி ஊர் என் கடைக்கு வந்துதான் எழுத்துக்கூட்டிப் படித்தது. ஒரு பொருள் கோணலாக இருந்தால் என் கண் அதிலேயே போய் நிற்கும். மேசையில் உப்பு டப்பா இடம் மாறியிருந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. "உங்களோட குடும்பம் நடத்துறது கண்காட்சிக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

கடையை மூடிய பிறகு படகுத்துறைப் பக்கம் வீடு வாங்கினோம். அப்போது அங்கே பழைய சரக்குக் கிடங்குகள்தான் இருந்தன. பிறகு அவற்றை இடித்துவிட்டுப் புதிய குடியிருப்புகள் கட்டத் தொடங்கினார்கள். ஒன்று எழும்பியது, அடுத்தது எழும்பியது, எல்லாம் ஒரே அச்சு. சாம்பல் நிறம், சதுர சன்னல், தட்டையான உச்சி. குளிர்பதனப் பெட்டிகளை அட்டை பிரிக்காமல் வரிசையாக நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். தண்ணீரைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் அந்தத் தண்ணீரை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா? எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் தோற்றக் குழுவுக்குக் குடியிருப்போர் சார்பில் ஆள் கேட்டபோது நான் போய் நின்றேன்.

அந்தப் பகுதியில் எந்தக் கட்டடம் வந்தாலும் அதன் வெளித்தோற்றத்துக்கு எங்கள் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், எதைக் கேட்டாலும் "சரிதான்" என்பார்; அதனால் அவர் பெயரே சரிதான் சார் ஆகிவிட்டது. ஓவியம் கற்றுத்தரும் அம்மா ஒருவர், அவர் வந்த கூட்டத்தைவிட வராத கூட்டம் அதிகம். தலைவர் நான்.

என் வீட்டு பால்கனிக்கு நேர் எதிரே கடைசி மனை மிச்சம் இருந்தது. அந்த வேலை என் மச்சினிக்குக் கிடைத்தது. இருபது வருடமாகப் பிறர் அலுவலகத்தில் உட்கார்ந்து பிறர் பெயரில் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"என் பேர்ல வர்ற முதல் கட்டடம் அத்தான். இதுக்காகத்தான் இத்தனை நாள் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவளைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்க்கிறேன். கட்டடத்தைப் பார்க்கும்போது தரை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பாள். ஒருமுறை எங்கள் பழைய வீட்டின் முகப்பை அப்படிப் பார்த்துக்கொண்டே போய், முட்டைக்காரரின் மிதிவண்டியில் மோதினாள். தெருவே ஆம்லெட் ஆனது. "அந்த மாடம் எவ்ளோ அழகா இருக்கு" என்றுதான் எழுந்து நின்றதும் சொன்னாள்.

முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். செங்கல் சுவர். கிடங்குகளின் கூரைபோல ஏறி இறங்கும் உச்சி. தண்ணீர்ப் பக்கம் சுருள் படிக்கட்டு. பால்கனிகள் முன்னும் பின்னுமாக, எந்த வீட்டில் நின்றாலும் தண்ணீர் தெரியும்படி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அவ்வளவு அழகாக இருந்ததால்தான் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரிந்தது.

"உறவுக்காரங்க விஷயம், நீங்க ஒதுங்கிக்கலாமே" என்று சரிதான் சார் ஒருமுறை கேட்டார். அவர் வேறு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான். நான் ஒதுங்கவில்லை. மற்றவர்களிடம் இருப்பதைவிட அவளிடம் இரண்டு பங்கு கறாராக இருப்பது என்று முடிவு செய்தேன். மச்சினி என்று விட்டுக்கொடுத்துவிட்டான் என நாளைக்கு நாலு பேர் பேசிவிடக் கூடாது அல்லவா?

முதல் கூட்டத்தில் சுருள் படிக்கட்டை மட்டும் எடுக்கச் சொன்னேன். புறா அடையும். அடுத்த கூட்டத்தில் செங்கல். மாலை வெயிலில் என் பால்கனிக்கு அது கண்ணை உறுத்தும் என்று பட்டது. சாந்தமான நிறமாக, சாம்பல்போல ஏதாவது பார்க்கலாம் என்றேன்.

"செங்கல்ல மட்டும் கை வைக்காதீங்க அத்தான். அது போச்சுன்னா மத்தது எதுவும் ஒட்டாது."

"ஒட்டும்மா. சொன்னாக் கேளு."

"உங்களுக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லிடுங்க, வரைஞ்சு தந்துடறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். குறை இல்லாம இருந்தாப் போதும்."

சரிதான் சார் "சரிதான்" என்றார்.

செங்கல் போனதும் அந்தக் கூரை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அது யார் கண்ணுக்கும் தெரியும். கூரையைத் தட்டையாக்கியதும் பால்கனிகள் பல் விழுந்த வாய்போல் தெரிந்தன. ஒரே வரிசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அன்று அவள் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். என் மனைவி சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலை நின்றால் மனைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதனால் திரும்பி வந்தாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் கனமாகத் தெரிகிறது என்றேன். கண்ணாடித் தடுப்பாக மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

சாரம் பிரித்த மறுநாள் காலை காபியோடு பால்கனிக்கு வந்தேன். எதிரே ஒரு சாம்பல் பெட்டி நின்றது. சதுர சன்னல், தட்டையான உச்சி, வரிசையில் இன்னொன்று. காபி கையிலேயே ஆறிப்போனது. இவ்வளவு திறமை உள்ளவளுக்கு இப்படி ஒன்றைக் கட்ட எப்படி மனம் வந்தது? ஏமாற்றம் என்பது சின்ன வார்த்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று என்னை ஏற்றிக்கொண்டு போன வாடகைக் கார் ஓட்டுநர், "இது என்ன சார், புது ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். அவமானமாக இருந்தது. அவளை நினைத்துத்தான்.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் பக்குவமாகத்தான் கேட்டேன்.

"ஏம்மா, இதுல உன் கை எங்க இருக்கு?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "இல்லவே இல்ல அத்தான். எல்லாம் உங்க கைதான். விழாவுல மேடையேறி அதைத்தான் சொல்லப்போறேன். இது எங்க அத்தான் கட்டினது, கை தட்டுறவங்க அவருக்குத் தட்டுங்கன்னு."

"சொல்லு, சொல்லு. அப்பவாச்சும் உறைக்கட்டும்" என்று என் மனைவி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருப்பார்கள். அந்தப் பெட்டியைக் காட்டி என் பெயரைச் சொல்லியிருப்பாள். வாழ்நாள் முழுக்க ஊருக்குப் பார்வை கொடுத்தவன், கடைசியில் அந்தச் சாம்பல் சுவருக்குச் சொந்தக்காரனாக நிற்க வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? மேஸ்திரி விஷயத்திலும் நான் சொல்வது இதைத்தான்.

இனி திருத்தங்களுக்கு வருகிறேன்.

கண்ணாடித் தடுப்பு வந்து சேரவில்லை. அதுவரைக்கும் மேஸ்திரி மஞ்சள் குழாய்களைக் கயிற்றால் கட்டி மொட்டை மாடி ஓரமெங்கும் அடைத்திருந்தார். கட்டு தளர்வாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. முடிச்சு ஒவ்வொன்றும் கல்லாக இருந்தது. அவிழ்ப்பதற்குள் என் நகம் பெயர்ந்துவிட்டது, இதோ பாருங்கள். தண்ணீர்ப் பக்கத்துக் குழாய்களை மட்டும் கழற்றித் தரையில் கிடத்தினேன். நல்ல வேலைக்காரர், அவர் பெயரைக் கெடுக்காதீர்கள்.

விழுந்தபோது என் மச்சினி மாடியில் தனியாக இருந்தார் என்ற வரியும் மாற வேண்டும். நான் கீழ்த் தளத்தில் இருந்ததாகச் சொல்லியிருந்தேன். அது என் பிழை, உங்களுடையது அல்ல. நான் மாடியில்தான் இருந்தேன். இறுதிப் பார்வையிடலுக்கு அவளை வரச் சொல்லியிருந்தேன். படியேறி வந்தவளிடம் தண்ணீர்த் தொட்டி அறையின் சுவரைக் காட்டி, கோணலாக இருக்கிறதே என்றேன்.

"எங்க?"

"கிட்ட நின்னாத் தெரியாது. பின்னாடி போய்ப் பாரு."

என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், சுவர் என்றால் அவள் பார்க்காமல் இருக்க மாட்டாள். அண்ணாந்தபடி பின்னால் போனாள். நான் அவளைத் தொடவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொன்னேன்.

"கோணல் இல்லையே அத்தான். நேராத்தானே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. சுவர் நேராகத்தான் இருந்தது.

ஆகவே தவறி விழுந்து இறந்தார் என்பதை அடித்துவிட்டு, நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். சொல்லும் குறைவு, அர்த்தமும் தெளிவு.

கடைசியாக ஒன்று. கட்டடத்துக்கு அவள் பெயரை வைக்கலாம் என்று இரங்கல் கூட்டத்தில் முன்மொழிந்ததே நான்தான். அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே. பெயர்ப்பலகை தங்கையின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்று என் மனைவி அழுது பிடிவாதம் பிடித்தாள், அதற்கும் ஒப்புக்கொண்டேன். கடைசி எழுத்தை மச்சினி எப்போதும் நீளமாக இழுத்து ஒரு சுழி போடுவாள். அந்தச் சுழியை மட்டும் எடுக்கச் சொன்னேன். அதற்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு இன்னும் புரியவில்லை. அவளிடம் நீங்கள் பேசும்போது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்: நான் எடுத்த எதுவும் அவள் தங்கைக்குத் தேவையானதாக ஒருநாளும் இருந்ததில்லை.