வராத தேர்தலின் வேட்பாளர்

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் போகும் காலை பஸ்ஸில், ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்த அம்மாள் மெல்லச் சொன்னார்: "நேத்தும் கனவுல ஜெயிச்சிட்டேன்டி."

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். "பஞ்சாயத்து எலெக்‌ஷன்தான் வரவே இல்லியேக்கா."

"கட்சியில என்னத்தான் நிக்கச் சொன்னாங்க. அத நம்பி எத்தினி வருசமா தெரு லைட்டு, தண்ணின்னு ஓடினேன். நேத்து சாயங்காலம் வந்து, வேற ஆளப் போடப்போறோம்னு சொல்லிட்டாங்க."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"சரின்னேன். அழுதுகினே படுத்தேன். கனவுல ஊரே மாலை போடுது."

"இப்ப எங்கக்கா போற?"

"கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு. குழாயில தண்ணி வரலியாம். விடியறதுக்குள்ள எங்க வூட்டுக் கதவத்தான் தட்டுறாங்க."