சரவணமுத்துவின் புத்தகத்தில் முதல் தாள்

திகதி: 1976.02.19. நேரம்: முற்பகல் 9.40. பெயர்: சந்தியோகு றஞ்சிதம். வயது: 57. தொழில்: இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை. முகவரி: கீரி, மன்னார். அழைப்பின்றித் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். பழைய அமெரிக்க எழுத்தாளர்களின் நாவல்களை, அவை முதன்முதல் அச்சான பதிப்பிலேயே தேடி இருபத்திரண்டு வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். என்னிடம் பதினொரு புத்தகங்கள் உள்ளன. நானாட்டானில் வசிக்கும் இளைப்பாறிய வீதி வேலை ஓவசியர் சரவணமுத்துவுக்கு இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவள் நானே. தலைப்புத் தாளில் உள்ள ஆண்டைப் பார்த்து முதற் பதிப்பை அறிவதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

கடந்த மாதம் நுவரெலியாப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுப் போனபோது பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. சரவணமுத்து அங்கே சாய்மனைக் கதிரை வாங்கப் போனார். கதிரையோடு ஒரு பெட்டி புத்தகமும் அவருக்குக் கிடைத்தது. நான் பதினெட்டு வருடங்களாகக் கொழும்பில் விசாரித்தும், இலண்டன் கடைகளுக்குக் கடிதம் எழுதியும் கிடைக்காத நாவலின் முதற் பதிப்பு அதற்குள் இருந்தது. அதன் பின்னர், "டீச்சர், வந்து பாருங்கோ" என்று எனக்குத் தபால் அட்டை எழுதினார்.

இம்மாதம் 12ஆம் திகதி காலை பஸ்ஸில் போனேன். அவர் புத்தகத்தை என் மடியில் வைத்தார். ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை. வாசித்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த இங்கிலிஸ் எனக்கு ஓடாது, டீச்சர். அலுமாரியில இருந்தாக் காணும்" என்று சிரித்தார்.

அதன் பின்னர் யாரோ வெளியே நின்று கூப்பிட, வாசல் படலைக்குப் போனார். மேசையில் பென்சில் சீவும் பிளேட் கிடந்தது. தலைப்புத் தாளை அடியோடு வெட்டி என் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன். அதன் பின்னர் அவ்வீட்டில் வேலை செய்யும் சிவபாக்கியம் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று மாலை சரவணமுத்து கீரிக்கு வந்தார்.

"முதல் தாளைக் காணேல்லை, டீச்சர். அது இல்லாட்டி மதிப்பு இல்லையோ?"

இல்லை என்றேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தூசி தட்டுறது சிவபாக்கியம்தான். ஆரோ கேட்டு எடுத்துக் குடுத்திருக்கிறா. பொலிசில சொல்லிப்போட்டன்" என்றார்.

சிவபாக்கியத்துக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலைப் பூசையில் செபப்புத்தகத்தைத் திறக்காமலே வைத்திருந்தேன். அதன் பின்னர் நேரே இங்கு வந்தேன். விசாரணைக்குக் கூட்டிவரப்பட்டு வாங்கில் உட்கார்ந்திருந்த சிவபாக்கியம் என்னைக் கண்டு எழுந்தார்.

"டீச்சரம்மா, நான் தொடேல்லை எண்டு சொல்லுங்கோ."

அவர் பார்த்திருக்கவே தாளை எடுத்துச் சார்ஜனின் மேசையில் வைத்தேன்.

சிவபாக்கியத்துக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். புத்தகத்துக்குச் செய்ததற்கும் வருந்துகிறீர்களா என்று சார்ஜன் கேட்டார். இனி ஒட்டினாலும் அது முழுப் புத்தகம் ஆகாது. அது தெரிந்தே வெட்டினேன். அதற்கு வருந்துகிறேன் என்று எழுத வேண்டாம் என்றேன்.

இவை யாவும் நானாகச் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை, உண்மையே என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. றஞ்சிதம்