கூரைப் பூவின் மானம்

கல்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் செய்கிற பெரிய தப்பு தண்ணீர் ஊற்றுவதுதான், ஐயா. உங்கள் ஸ்டேஷன் ஜன்னலில் இருப்பதும் அப்படித்தான் அழுகிக்கொண்டிருக்கிறது. சரளைக்கல்லும் கொஞ்சம் மண்ணும் போதும். பிறகு பனியோ வெயிலோ, அது பாட்டுக்கு இருக்கும்.

எங்கள் டிரோல் மலைப் பள்ளத்தாக்கில் அந்தச் செடிக்கு இடித்தாடி, இடியின் தாடி, என்று பெயர். கூரையில் வைத்தால் வீட்டில் இடி விழாது. ஆனால் பூத்தால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும்; அதனால் மொட்டு தலைகாட்டியதுமே கிள்ளிவிடுவோம். ஊரில் எல்லார் கூரைக்கும், பக்கத்து வீட்டு வின்சென்ட்ஸின் கூரைக்கும், செடி கொடுத்தது நான்தான். போன கோடையில் அது மொட்டு விட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். தனிக்கட்டை, வாசலில் உட்கார்ந்து உப்புக்கண்டம் சீவிக்கொண்டிருந்தான்.

“விடு நோட்புர்கா. என் மண்டைலதான் ஒண்ணும் முளைக்கல, கூரைலயாச்சும் பூக்கட்டுமே,” என்றான்.

பூத்தது. இளஞ்சிவப்பில், நட்சத்திரம் நட்சத்திரமாக. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கறுப்பு உடுப்புக்கு இஸ்திரி போட்டேன். சாவு வீட்டுக்குக் கேக்கும் சுட்டேன். அவனோ குத்துக்கல் மாதிரி இருந்தான். தினமும் சாராயக்கடையில், “செத்தவன் வந்திருக்கேன், ஒரு கிளாஸ் ஊத்துங்கப்பா,” என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பூ பொய் என்றால் இடி மட்டும் எப்படி நிஜம் என்று ஊரில் பேச்சு வந்தது. ஒவ்வொருவராக என் செடிகளைக் கூரையிலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். நான் பெற்ற பிள்ளைகள் மாதிரி அவை தெருவில் கிடந்தன.

பூத்த செடி அதோடு பட்டுப்போகும், ஐயா. அது தன் பங்குக்கு உயிரைக் கொடுத்துவிட்டது. வின்சென்ட்ஸ்தான் கொடுக்கவில்லை. காய்ந்ததை எடுக்க அவன் கூரை ஏறுவான் என்று தெரியும். அவன் ஏணியின் மேல்படியை அடிப்பக்கமாகப் பாதி அறுத்து வைத்தேன். மீதிப் பாதியை அவனுக்கே விட்டேன்.

விழுந்தான். கேக் மட்டும் புதிதாகச் சுட வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்த கையோடு எல்லோரும் என்னிடம் கன்று கேட்டு வந்தார்கள். என் தொட்டிகள் காலி. அன்றைக்கு நடந்தேனா, பறந்தேனா, எனக்கே தெரியாது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், அந்த ரம்பம் என்னுடையதுதான். ஆனால் பூத்தால் சாவு. அது செடியின் வாக்கு, நான் காப்பாற்றினேன்.

என் கூரையில் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கிறீர்கள். அது வருஷா வருஷம் பூக்கும். நான் கிள்ளுவதில்லை. அது வேறு ஜாதி, ஐயா.