மீதி பதினாலு ட்யூப்

அல்லி: ஏங்க! மாடியில என்ன சத்தம்? தருமபுரம் பூராவும் கேட்டிருக்கும்!

சுப்ராயன்: ஒண்ணுமில்ல அல்லி. நீ மேல வராதே.

அல்லி: வந்துட்டேன். ...அடப்பாவமே, நேத்து சாயங்காலம் மாட்டின சோலார் ஹீட்டரா?

சுப்ராயன்: முழுசா இல்ல. பதினஞ்சு கண்ணாடி ட்யூபுல ஒண்ணே ஒண்ணு. மீதி பதினாலும் சௌக்கியமா இருக்கு.

அல்லி: வெறுங்காலோட நிக்காதீங்க. என்னதான் பண்ணினீங்க?

சுப்ராயன்: தண்ணியைத் தொறந்து விட்டேன். டமார்னுச்சு.

அல்லி: உச்சி வெயில்லயா?

சுப்ராயன்: வெயில்ல சுடுற மெஷினுக்கு வெயில்லதானே தண்ணி விடணும்?

அல்லி: காலி ட்யூபு காலையிலேர்ந்து காஞ்சு கெடக்கு. அதுல பச்சத்தண்ணியை ஊத்தினா வெடிக்காதா? விடியறதுக்கு முன்னாடி ஊத்தணும், இல்லாட்டி பொழுது சாஞ்சப்புறம். ஹீட்டரோட வந்த புக்குல பதினோராம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.

சுப்ராயன்: ...அந்தப் புக்கை நீ எதுக்குப் பிரிச்சே?

அல்லி: பிரிக்கக் கூடாதா?

சுப்ராயன்: சேச்சே... தாராளமா பிரி. பதினோராம் பக்கத்தோட நிறுத்திட்டியா?

அல்லி: மொதல்ல மீதியை வெயில் படாம மூடுங்க. கொடியில கெடக்கறதை எடுத்து... ஐயோ, அது என் டூட்டி புடவை! உங்க வேட்டியை எடுங்க.

சுப்ராயன்: இந்தா. கரன்ட் ஆபீஸ்காரன் வேட்டி சூரியனையே மறைச்சிடுச்சு, பாத்தியா?

அல்லி: கரன்ட் ஆபீஸ்காரர் வீட்டுல சோலாரான்னு ஆபீஸ்ல சிரிக்கலியா?

சுப்ராயன்: சிரிச்சாச்சு. காரைக்கால் வெயிலுக்கு சுடுதண்ணி எதுக்குய்யான்னும் சிரிச்சாச்சு. சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிஞ்சு முட்டிவலியோட வர்றவளுக்குத் தண்ணி தயாரா இருக்கணும். நான் இல்லாத நேரத்துல நீ அண்டா தூக்கிட்டு நிக்கக் கூடாது.

அல்லி: இல்லாத நேரம்னா? கடைத்தெருவுக்குப் போற நேரமா?

சுப்ராயன்: ...பொதுவா சொன்னேன். இங்க பாரு, நல்லாத் தெரிஞ்சுக்க. ஒரு ட்யூபுக்குள்ள இன்னொரு ட்யூப். ரெண்டுக்கும் நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்துட்டான். உள்ட்யூபு மேல கறுப்புப் பூச்சு, அது வெயிலைக் குடிச்சிக்கும். குடிச்ச சூடு திரும்பத் தப்பிக்கணும்னா காத்து வேணும். அதான் இல்லியே!

அல்லி: நம்ம பிளாஸ்க் மாதிரி.

சுப்ராயன்: அதேதான்! பிளாஸ்க்ல காபியை நாம ஊத்தறோம், இதுல சூட்டை சூரியன் ஊத்துது. சுட்ட தண்ணி லேசாகித் தானா மேல தொட்டிக்கு ஏறும். பச்சத்தண்ணி கீழ எறங்கும். மோட்டார் கெடையாது, கரன்ட் கெடையாது. என் ஆபீஸே தேவையில்ல.

அல்லி: வெளிய தொட்டா சுடவே மாட்டேங்குது?

சுப்ராயன்: உள்ள கொதிச்சாலும் வெளிய காட்டிக்காது.

அல்லி: உங்கள மாதிரி.

சுப்ராயன்: ...என்ன?

அல்லி: ஒண்ணுமில்ல. அடியில என்ன, வெள்ளி பூசினாப்பல?

சுப்ராயன்: அதான் முக்கியம். மாசம் ஒரு தடவை பாத்துக்க. பளபளப்புப் போயி பால் மாதிரி வெளுத்துட்டா, உள்ள காத்து பூந்துடுச்சுன்னு அர்த்தம். மெக்கானிக் நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கேன்.

அல்லி: நீங்க பாக்க மாட்டீங்களா?

சுப்ராயன்: பாப்பேன்... லீவுல...

அல்லி: உங்க ஆபீஸ்ல ரெண்டு பேரை அங்க ஆந்திரா பக்கம், யானாமுக்கு மாத்திட்டாங்களாமே. யார் யாரு?

சுப்ராயன்: அப்பப்பா, என்ன வெயில்! கீழ போவமா?

அல்லி: கண்ணாடியை அள்ளிட்டுப் போவோம். ...ஏங்க, ஒரு புக்குக்குள்ள ஒண்ணை ஒளிச்சு வைக்கிற ஆளு, அந்தப் புக்கைப் படிக்க வேணாம்? மாத்தல் ஆர்டரை வச்ச எடத்துக்குப் பக்கத்துப் பக்கத்துலதானே 'வெயில்ல தண்ணி விடாதே'ன்னு இருக்கு!

சுப்ராயன்: ...எப்பலேர்ந்து தெரியும்?

அல்லி: பெட்டி வந்து எறங்கின அன்னிக்கே. ஒரு வாரமா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா பாடம் நடத்துறீங்க.

சுப்ராயன்: எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் அங்க இருக்கணும் அல்லி. வாயைத் தொறந்தேன்... சோலார்னு வந்துடுச்சு.

அல்லி: நல்லா வந்துச்சு.

சுப்ராயன்: விளையாடாதே. நேரா கேக்கறேன், நேரா சொல்லு. தனியா சமாளிச்சுடுவியா?

அல்லி: மாட்டேன். எங்க டிபார்ட்மென்ட்ல நானும் யானாமுக்கு மாத்தல் கேட்டு திங்கக்கெழமையே எழுதிக் குடுத்துட்டேன். யாரும் கேக்காத எடமாச்சே, இன்னிக்குக் காலையில சரின்னுட்டாங்க. மீதி பதினாலையும் ஒடைக்காமக் கழட்டுங்க... பொழுது சாஞ்சப்புறம்.