முருகனுக்குப் பக்கத்தில் இருந்தவர்

கலஹாவிலிருந்து பேராதெனிய போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் வயதான இருவர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர். மற்றவர் அவரை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் மாஸ்டர் சொன்னதைக் கேட்டபின் யாரால் சும்மா இருக்க முடியும்?

"முருகனுக்குப் பக்கத்துல மாட்டியிருந்த ஆப்பிரிக்காக்காரரக் கழட்டிட்டேன்."

"ஏன் மாஸ்டர்? தன் நாட்டுலேருந்து வெள்ளைக்காரன வெரட்டுன தலைவருன்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவீங்களே?"

"வெரட்டுனாரு. பொறகு சொந்த சனத்தையே பிடிச்சு அடைச்சாரு. கடைசியில அவரோட ஆமிப் பட்டாளமே அவரப் பதவியிலேருந்து எறக்கிருச்சு. எல்லாம் பேப்பர்ல வந்துச்சு. வேண்டாதவங்க கட்டிவிட்ட கதைன்னு நெனச்சு நான் நம்பல. அவரு செத்ததும் படத்துக்கு மாலையும் போட்டேன்."

"இப்ப என்னாச்சு?"

"மகளோட யுனிவர்சிட்டி கெம்பஸ்ல படிக்கிற பொண்ணு சாப்பிட வந்திச்சு. அந்த நாட்டுப் பொண்ணு. மாலை எதுக்குன்னு கேட்டிச்சு. எங்க வீட்டுல செத்துப்போன பெரியவங்களுக்கு இப்படித்தான் போடுவோம்னு பெருமையாச் சொன்னேன்."

"அதுக்கு?"

"இவரோட ஆளுங்க எங்கப்பாவக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. அப்பா படத்துக்கு மாலை போடலாமா கூடாதான்னு எங்களுக்கு இன்னும் தெரியாதுன்னு சொல்லிச்சு."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுங்க மாஸ்டர்."

"பழைய மாலை காஞ்சு கெடந்துச்சு. அந்தப் பொண்ணு வருதேன்னுதான் அன்னைக்குக் காலையில புதுசு வாங்கிப் போட்டேன்."